ஐடிஐயா, சமுதாயக் கல்லூரியா, பட்டறையா?

மே மாதம் வந்தால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, பையன் பத்தாவது பாஸ். மிஷின் வேலை கத்துக்கணுமாம். எங்க சேக்கலாம்?"

நான் பட்டறையில் கற்றவன். முதல் எட்டு மாதம் டீ வாங்குவதும், இரும்பைச் சுழற்றிச் சீவும் லேத் மிஷினுக்கு அடியில் சுருள் அள்ளுவதும்தான் வேலை. ஒருநாள் சக்கில் (லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருந்து அதை முறுக்கும் சாவியை எடுக்காமலே மோட்டாரைப் போட்டுவிட்டேன். பறந்து வந்து கன்னத்தைக் கிழித்தது. சாவியிலிருந்து கையை எடுப்பதற்கு முன் சாவியைச் சக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு கை பழகியது, ட்ராயிங் படிக்க மட்டும் வரவில்லை. டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு தப்பலாம் என்ற வரம்பு, போட்டிருந்தால் முதலாளி வரும்வரை செய்கிற ஜாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் வாரமே கையில் காசு வரும் என்பதைத் தவிர அந்த வழியில் வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை.

ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் 2 வருடம், வெல்டர் 1 வருடம். அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஃபிட்டரில் சேர்ந்ததும் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வார்கள். மூலைமட்டம் வைத்துத் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அளவு என்றால் என்னவென்று விரலுக்குப் புரிவது அங்கேதான். சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மிஷினில், 0.02 மில்லிமீட்டர் தப்பினால் அப்படிப் பழகியவனுக்குச் சட்டென்று உறைக்கும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தரம் உயர்த்தி, சிஎன்சி, ரோபோ எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு திறக்கிற கதவுகள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும். படிக்க ஆசை இருந்தால் 2 வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். வீட்டால் 3 வருடம் பொறுக்க முடியுமென்றால் முதலிலேயே பாலிடெக்னிக் போகலாம், தப்பில்லை.

சமுதாயக் கல்லூரி வேறு ஆட்களுக்கானது. படிப்பை நடுவில் விட்டவர், வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு தொழில் தேடும் பெண் என்று யாரையும் வயது பார்த்து ஒதுக்காத இடங்கள் அவற்றில் உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிந்துவிடும். தொழிலோடு பேசவும் பழகவும் சொல்லிக்கொடுத்து, கம்பெனிக்குள் கொஞ்ச நாள் பயிற்சிக்கும் அனுப்புகிறார்கள். அப்படி வந்த பிள்ளைகள் சூப்பர்வைசரிடம் பயமில்லாமல் சந்தேகம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் தைரியம் வரப் பத்து வருடம் ஆனது. குறை என்னவென்றால், மிஷினில் நிற்கிற நேரம் குறைவு. ஐடிஐ சான்றிதழ் கேட்கிற இடத்தில் இந்தச் சான்றிதழ் எடுபடாது.

அதனால் 16 வயதுப் பிள்ளை என்றால் ஐடிஐ என்றே சொல்லிவிடுவேன். 24 வயதாகி வீட்டுச் சுமையும் தோளில் இருந்தால் சமுதாயக் கல்லூரி. ஆனால் பணம் கட்டும் முன் ஒர்க் ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு லேத்துக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். லேத்தின் பெட், அதாவது அடிப்பாகத்தை, விரலால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய்க்குப் பதில் தூசி ஒட்டினால் வேறு இடம் தேடுங்கள்.