பிப்ஸ் டேட்டா ரிவ்யூ: ஜெயில்ல இருக்கிற கர்ப்பிணிகள் கணக்கு

மாசமா இருக்கிற ஒரு பொண்ணு ஜெயிலுக்குள்ள போனா அப்புறம் அவளுக்கும் வயித்துல இருக்கிற குழந்தைக்கும் என்ன ஆச்சுன்னு யாராவது கணக்கு வச்சிருக்காங்களான்னு தேடினா, உருப்படியா கிடைக்கிறது அமெரிக்காவோட பிப்ஸ் (PIPS, Pregnancy in Prison Statistics, அதாவது ஜெயில்ல இருக்கிற கர்ப்பிணிகளோட கணக்கு) டேட்டா தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல மகப்பேறு டாக்டரா இருக்கிற கரோலின் சஃப்ரினோட டீம் 2016-17ல திரட்டி 2019ல வெளியிட்டாங்க. முக்கியமான நம்பர் எல்லாம் அவங்க வெப்சைட்லயே காசு கட்டாம பாக்கலாம்.

22 மாநில சிறைத்துறைகளும் மத்திய அரசு ஜெயில்களும் ஒரு வருஷம் மாசாமாசம் கணக்கு அனுப்பிருக்காங்க. உள்ள வந்த கர்ப்பிணிகள் 1,396 பேர். உயிரோட பிறந்த பிரசவம் 753, கருச்சிதைவு 46, அபார்ஷன் 11, செத்துப் பிறந்தது 4, பிறந்து சில நாள்லயே போன குழந்தைங்க 3. தாய் மரணம் ஒண்ணுகூட இல்ல. இந்த வேலைக்கு முன்னாடி, ஜெயில்ல இருக்கும்போது வருஷத்துக்கு எத்தனை பிரசவம் நடக்குதுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளே கிடையாது, அவ்ளோ பெரிய நாட்டுல, அதை நினைச்சா இன்னமும் வயிறு எரியுது. அதுக்காகவே இவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனா இந்த நம்பரைப் படிக்கிறப்ப கொஞ்சம் நிதானம் வேணும். கருச்சிதைவு 46 தானே, வெளிய இருக்கிறத விட கம்மியா இருக்கேன்னு சிலர் சொல்றாங்க. அப்படி எடுத்துக்கவே கூடாது. கருச்சிதைவு பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல நடக்கிறது, நிறைய பேர் அந்தக் கட்டம் தாண்டின பிறகுதான் உள்ளயே வர்றாங்க, அப்போ கணக்கு தானா குறைஞ்சுதான் தெரியும், அது ஜெயில் டாக்டரோட சாமர்த்தியம் இல்ல.

விசாரணைக் கைதிங்களை வைக்கிற உள்ளூர் ஜெயில் டேட்டா தனியா இருக்கு, அங்க ஆறு ஜெயில் மட்டும். வந்த கர்ப்பிணிகள் 1,622, அங்க இருக்கும்போது நடந்த பிரசவம் 144. மிச்சப் பேர்ல பெரும்பாலானவங்க பிரசவத்துக்கு முன்னாடியே வெளிய போயிட்டாங்க, இல்ல வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இதுல இல்ல.

எனக்குப் பெரிய குறை இதுதான். எல்லாமே மொத்தக் கூட்டல். 753 பிரசவம்னு இருக்கு, அதுல எத்தனை பேருக்கு இடுப்பு வலியோட கையில விலங்கு இருந்துச்சு? ராத்திரி வலிக்குதுன்னு கதவைத் தட்டினவ எத்தனை மணிக்குத் தட்டினா, வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பிச்சு? பெத்த குழந்தை அம்மா கையில எத்தனை மணி நேரம் இருந்துச்சு? ஒண்ணும் தெரியாது. பிரசவ நேரத்துல விலங்கு போடவே கூடாதுன்னு ஐநாவோட பாங்காக் விதிகள் 2010லயே சொல்லிடுச்சு, அமெரிக்காவுலயும் மத்திய அரசு ஜெயில்களுக்கு 2018ல சட்டம் வந்தாச்சு. சட்டம் நடக்குதான்னு தெரியணும்னா உள்ள வந்தன்னிக்கு டெஸ்ட் எடுத்த தேதி, முதல் செக்கப் தேதி, பிரஷர், ரத்தசோகை, போதைப் பழக்கம் இருந்தவங்களுக்கு அதுக்கு சிகிச்சையா குடுக்கிற மெத்தடோன் மருந்தை நிறுத்தாம குடுத்தாங்களா, இதெல்லாம் ஆளுக்கு ஒரு பதிவா, பேரு வெளிய தெரியாம, ஜெயில் மாறினாலும் கூடவே போற மாதிரி இருக்கணும். எழுதுறது ஜெயில் ஸ்டாஃப் மட்டும்னா பத்தாது, அந்தப் பொண்ணு சொல்றதுக்கும் அதுல ஒரு கட்டம் வேணும்.

டீமைக் குறை சொல்லல, ஜெயில்காரங்க சேர்றதே அவங்க விருப்பம்தான், அதிகமா கேட்டிருந்தா பாதிப் பேர் ஓடியிருப்பாங்க. மாசமா இருக்கிறவங்களுக்கு போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, தாய்ப்பால் குடுக்க வசதி இதைப் பத்தியும் பின்னாடி தனியா கேட்டு வெளியிட்டிருக்காங்க, அதையும் தேடிப் படிங்க.

5க்கு 4 குடுக்கிறேன். மனு போடுறவங்க, பத்திரிகைக்காரங்க, நர்ஸிங் படிக்கிற பசங்க எல்லாரும் தாராளமா எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனா ஜெயில்ல பராமரிப்பு நல்லா இருக்குன்னு வாதாட மட்டும் இந்த டேட்டாவைத் தூக்கிட்டு வராதீங்க, அந்தக் கேள்வியை இது கேட்கவே இல்ல.