அமைலேஸ் தடுப்புப் புரதங்கள்: எதற்கு எது?

மாவுச்சத்தைச் சிதைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியை முடக்கும் புரதங்கள் பல தாவரங்களின் விதைகளில் உள்ளன. ஆனால் எந்த உயிரியின் அமைலேஸ் என்று கேட்காமல் இவற்றில் எது சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

மனிதக் கணைய அமைலேஸைக் கட்டிப்போடுவதில் பீன்ஸ் விதையின் ஆல்ஃபா ஏஐ-1 ('ஏஐ' என்பது அமைலேஸ் தடுப்பானின் ஆங்கிலச் சுருக்கம்) முன்னிற்கிறது. சர்க்கரைகளோடு ஒட்டும் புரதங்களான லெக்டின்களின் உறவினரான இப்புரதம், நொதியின் பள்ளத்துக்குள் தன் இரண்டு வளையங்களை நுழைத்து, மாவுச்சத்து அமர வேண்டிய இடத்தைத் டைரோசின் என்ற தன் அமினோ அமிலங்களால் அடைத்துவிடுகிறது. ஆனால் அது மெதுவாகவே பிணைகிறது. கணையமோ தேவைக்கு மிஞ்சி அமைலேஸைச் சுரக்கிறது. இந்தத் தடுப்பானைக் கொண்டு விற்கப்பட்ட 'ஸ்டார்ச் பிளாக்கர்' மாத்திரைகள் மாவுச்சத்தின் கலோரி உறிஞ்சப்படுவதைக் குறைக்கவில்லை என்று 1982இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. பின்னர் ஓரளவு தூய்மைப்படுத்திய பீன்ஸ் சாறு மனிதக் குடலிலேயே அமைலேஸைச் செயலிழக்கச் செய்தது. எனவே குறையைப் புரதத்தின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வேகவைக்காத பீன்ஸ் விதையை அரைத்துத் தின்பது இதற்கு மாற்றாகாது, அதிலுள்ள லெக்டின் நஞ்சாகும். நன்றாக வேகவைத்தாலோ தடுப்பானும் அழிந்துவிடும்.

கோதுமையின் 0.19 என்ற தடுப்புப் புரதத்தை (மின்புலத்தில் அது நகரும் வேகமே பெயராகிவிட்டது!) நான் மருந்தாகக் கருத மாட்டேன். உமிழ்நீர் அமைலேஸை அது தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் குடும்பத்துப் புரதங்கள், மாவுத் தூசியைச் சுவாசிக்கும் ரொட்டித் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவைத் தூண்டுபவை.

கேழ்வரகின் புரதம் 122 அமினோ அமிலங்களில் இரட்டை வேலை பார்க்கிறது: ஒரு பக்கத்தால் புரதத்தைச் செரிக்கும் நொதியான டிரிப்சினையும் மறுபக்கத்தால் அமைலேஸையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. அதன் நுனி அம்புமுனைபோல நொதிக்குள் இறங்குகிறது. வடிவமைப்பின் அழகில் இதற்கே முதலிடம் தருவேன்.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வரிசை மாறும். பீன்ஸின் ஆல்ஃபா ஏஐ-2, ஆல்ஃபா ஏஐ-1இன் உடன்பிறப்பாக இருந்தும் பாலூட்டிகளின் நொதியை விட்டுவிட்டு ஒரு பீன்ஸ் வண்டின் நொதியைத் தாக்குகிறது; அமராந்த் (தண்டுக்கீரை இனம்) விதையின் 32 அமினோ அமிலப் புரதமும் அவ்வாறே பூச்சிகளின் நொதியோடு நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் பட்டாணிக்குள் புகுத்தப்பட்டதோ ஆல்ஃபா ஏஐ-1. அது பட்டாணி வண்டைத் தடுத்தது. ஆனால் எலிகளில் நோய் எதிர்ப்பு எதிர்வினை தெரிந்ததாக 2005இல் செய்தி வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. மரபணு மாற்றாத விதைகளும் எலிகளில் அதேபோன்ற எதிர்வினையை உண்டாக்குகின்றன என்று 2013இல் மற்றோர் ஆய்வு காட்டியபோது, அந்தப் பட்டாணி கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.