ஹோட்டன் சமவெளி: உலக முடிவுக்கு எதிர்ப்பக்கம் போகும் பாதைகள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கு 2015 முதல் 11 தடவை போய்வந்திருக்கிறேன். முதல் மூன்று தடவையும் போயா (பௌர்ணமி) நாளை ஒட்டிய நீண்ட விடுமுறையில் உறவினர்களோடு வான் வண்டியில் போய், எல்லோரும் நடக்கும் 9 கிலோமீற்றர் வட்டப் பாதையிலேயே நடந்தேன். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி, மறுபடி நடை தொடங்கும் இடமான ஃபார் இன். பாறை விளிம்பில் படம் எடுக்க வரிசை. அருவிக்கு இறங்கும்போது முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். மலைக்குப் போன நிறைவே இல்லை. நான்காவது தடவை, அங்கே கடமையில் இருந்த ஒருவரிடம் வேறு பாதை உண்டா என்று கேட்டேன். வட்டப் பாதைக்கு எதிர்ப்பக்கமாகக் கையை நீட்டினார். "கிரிகல்பொத்தைக்குப் போங்கள் ஐயா. ஆனால் பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள்."

கிரிகல்பொத்தை இலங்கையின் இரண்டாவது உயரமான மலை. ஏறக்குறைய 2,390 மீற்றர். முதலிடத்தில் உள்ள பிதுருதலாகல உச்சிக்கு விரும்பியபடி ஏற முடியாது என்பதால், நம் காலால் நடந்து தொடக்கூடிய உச்சிகளில் இதுவே உயர்ந்தது. ஃபார் இன்னிலிருந்து போக 7 கிலோமீற்றர், வர 7 கிலோமீற்றர். கேட்கும்போது சின்னத் தூரம்தான். முதலில் திறந்த புல்வெளி, பிறகு முகில் காடு, மறுபடி புல்வெளி என்று மாறி மாறி வரும். காட்டுக்குள் மரங்கள் ஆளுயரத்துக்குச் சற்று மேலே குடைபோல் விரிந்து நிற்கின்றன. கிளைகளில் பாசி தொங்குகிறது. வேர்கள் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கடைசிப் பகுதி செங்குத்து. கையையும் பயன்படுத்தித்தான் ஏற வேண்டும்.

அந்தப் பாதையில் ஒரு வார நாளில் முழுப் பகலும் நடந்து, இரண்டே பேரைத்தான் சந்தித்தேன். அதே நேரம் ஃபார் இன் தரிப்பிடத்தில் வான்கள் நிறைந்து கிடந்தன. கூட்டம் பூங்காவில் இல்லை, ஒரேயொரு வளையத்தில்தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உச்சியைத் தொட்டது ஒரே தடவை. மேற்கே சிவனொளிபாத மலையின் கூம்பு முகிலுக்கு மேல் தனியாகத் தெரிந்தது. அடுத்த தடவை என் அக்கா மகனைக் கூட்டிப் போனேன். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. பத்தரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பாதை என்று நினைத்து அவன் கால் வைத்தது சதுப்பில். முழங்கால் வரை போய்விட்டது. காலை இழுத்தெடுத்தோம், சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது. தோண்டி எடுப்பதற்குள் மணி பதினொன்று. "மாமா, இன்னும் கொஞ்சத் தூரம்தானே?" என்றான். திரும்பினோம். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

அந்தச் சதுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் இந்தச் சமவெளி தலைநீர் தருகிறது. மழையையும் பனியையும் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து மெதுவாக விடுவது இந்த ஈர நிலமும் முகில் காடும்தான். கொழும்பின் குழாய்களுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே, சேறாக இருக்கிறதே என்று பாதையை விட்டு விலகிப் புல்லில் நடக்காதீர்கள். ஒருவர் விலகினால் அடுத்தவருக்கு அது பாதையாகிவிடும். ஆளில்லாத இடத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஒரு நாள் முழுக்க நடக்க இயலாதவர்களுக்கு தொட்டுபொல மலை. உயரம் 2,357 மீற்றர், மூன்றாவது இடம். பட்டிப்பொலப் பக்கமுள்ள பூங்கா வாசலைக் கடந்ததும் வீதியோரத்திலேயே ஏற்றம் தொடங்கும். ஏறக்குறைய 2 கிலோமீற்றர். இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்றொரு கதையும் இதற்கு உண்டு. என் அம்மா அறுபத்தைந்தாவது வயதில் ஏறி முடித்தார். ஆனால் மேலே போகப் போக மனம் கனக்கும். பட்டுப்போன மரங்கள் வெள்ளை எலும்புகள்போல நிற்கின்றன. ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். நான் முதலில் பார்த்ததைவிட இப்போது எனக்கு அதிகமாகவே தெரிகிறது.

வட்டப் பாதையை நான் முற்றாகத் தள்ளவில்லை. உலக முடிவின் ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்துச் சரிவை ஒரு தடவையாவது பார்க்கத்தான் வேண்டும். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே நில்லுங்கள்; ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். அருவிப் பக்கமாகத் தொடங்கினால் கூட்டம் குறையும், காட்சி கை நழுவலாம். எனக்குக் காட்சியைவிட அமைதி பெரிது. முதல் தடவை வருகிறவருக்கு அப்படி இருக்காது.

ஏப்ரலில் நுவரெலியாவே பொங்கி வழியும், அப்போது வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை உலர்ந்த காலம், ஆனால் விடியலில் புல்லில் உறைபனி படியும், கையுறை வேண்டும். நான் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு அஞ்சல் புகையிரதம் ஏறி, 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிப்பேன். மண்சரிவால் பாதை தடைப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையில் கட்டிக்கொண்டு போனால் தொல்லை இல்லை. கிரிகல்பொத்தைக்குப் போவதாக ஃபார் இன்னில் சொல்லிவிட்டே நடக்கத் தொடங்குங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

வரும் பெப்ரவரியில் அக்கா மகனும் நானும் மறுபடி கிரிகல்பொத்தைக்குப் போகிறோம். கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டும் சப்பாத்து ஒன்று அவனுக்கு வாங்கிவிட்டேன்.