தகைவின் திசை திரும்பினால் எந்த மாடல் தாங்கும்?

மென்களிமண் மேல் சாலைக்கு மண்கரை போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையின் நடுவுக்கு அடியில், மண்ணுக்குள் உள்ள தகைவுகளில் (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) பெரியது செங்குத்தாக நிற்கும், சரிவுக்கு அடியில் சாயும், கரையின் காலடிக்கு வெளியே போனால் படுத்தே விடும். மண்ணோ அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. மேலிருந்து அமுக்கினால் ஒரு குணம், பக்கத்திலிருந்து அமுக்கினால் வேறு குணம்.

மண்ணின் நடத்தையைக் கணக்கிடும் மாடல்களில் எல்லாரும் முதலில் போடுவது 1968-இல் ரோஸ்கோவும் பர்லாண்டும் தந்த திருத்திய கேம்-கிளே. மண்ணின் குணத்தைச் சொல்லும் நாலைந்து எண் கொடுத்தால் போதும். தகைவு வரைபடத்தில் அது ஒரு நீள்வட்டம் போடும்: உள்ளே இருக்கும்வரை மண் பழைய வடிவுக்கு மீளும், எல்லையைத் தொட்டால் நிரந்தரமாக உருமாறும். ஆனால் அதற்குத் திசையே தெரியாது. தகைவின் அளவுகளை மாற்றாமல் திசையை மட்டும் திருப்புங்கள், நிரந்தரத் திரிபு (உருமாற்றம்) சுழியம் என்று சொல்லும். உள்ளீடற்ற உருளை மாதிரியை வைத்து ஆய்வகத்தில் அதையே செய்தால் மண் நெளிகிறது, வடிகாலை அடைத்திருந்தால் துளைநீர் அழுத்தமும் (துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம்) ஏறுகிறது.

அந்த இடத்தில்தான் எஸ்-கிளே1. வீலரும் பின்லாந்துக்காரர்களும் சேர்ந்து 2003-இல் வெளியிட்டது. அதே நீள்வட்டம்தான், சாய்த்து வைத்திருக்கிறார்கள், திரிபு சேரச் சேர அந்தச் சாய்வும் திரும்பும். எனக்குப் பிடித்தது, தொடக்கச் சாய்வுக்குத் தனிச் சோதனை வேண்டாம்: உராய்வுக் கோணம் 30 பாகை என்றால் எம் (மண் முறியும் நிலையின் தகைவு விகிதம்) 1.2, கே-நாட் (பக்கத் தகைவுக்கும் செங்குத்துத் தகைவுக்கும் உள்ள விகிதம்) 0.5, சாய்வு சுமார் 0.46 என்று கணக்கிலேயே வந்துவிடும். (முன்பு இன்றைவிட அதிகச் சுமை தாங்கிய, அதாவது மிகை இறுகிய மண்ணில் இன்றைய கே-நாட்டைப் போட்டுவிடாதீர்கள், இயல்பாக இறுகிய நிலைக்குரியதைத்தான் போட வேண்டும்.) தலைவலி, சாய்வு எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்ற எண்தான், வெவ்வேறு தகைவு விகிதங்களில் சோதித்தால் தவிர அது ஊகம்தான்.

கரை சரியுமா என்பது மட்டுமே கேள்வி என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், என்.ஜி.ஐ-ஏ.டி.பி என்ற மாடல் போதும். நடுவுக்கு, சரிவுக்கு, காலடிக்கு என்று மூன்று வடியா வலிமை (நீர் வடிய நேரமில்லாதபோது மண்ணுக்குள்ள வலிமை) கொடுத்தால் இடைப்பட்ட திசைகளை அதுவே நிரப்பிக்கொள்ளும். துளைநீர் அழுத்தத்தைத் தனியாகப் பிரிக்காமல் மொத்தத் தகைவில் ஓடுவதால் பத்து வருட அமிழ்வை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

அப்புறம் கடலடி மணல். அலை போகப் போக அங்கே தகைவின் திசை சுற்றிக்கொண்டே இருக்கும், 1983-இலேயே இஷிஹாராவும் தொவ்ஹாதாவும் அதைச் சோதனையில் காட்டினார்கள். எஸ்-கிளே1 இதற்கு ஆகாது, அதன் நீள்வட்டத்துக்குள் எல்லாமே மீள்தன்மைதான். லீயும் டஃபாலியாஸும் 2012-இல் வகுத்தபடி மணல் துகள்களின் அமைவையே ஒரு டென்சராக (திசையையும் சேர்த்துச் சொல்லும் எண்களின் தொகுப்பாக) வைக்கும் மாடல் வேண்டும், ஆனால் எண்கள் கூடும், பொருத்துவதற்குள் வாரங்கள் ஓடும்.

கரை வேலைக்கு ஒரே ஒரு கூடுதல் சோதனைக்குத்தான் காசு என்றால் மூவச்சு நீட்சிச் சோதனை (உருளை மாதிரியைப் பக்கத்திலிருந்து அதிகம் அமுக்கி நீளவிடுவது) கேளுங்கள். அந்த வலிமை அமுக்கச் சோதனையில் கிடைத்ததைவிடக் கணிசமாகக் குறைந்தால், கேம்-கிளேயை அன்றைக்கே மூடி வைத்துவிடலாம்.