விந்தணு, கருமுட்டை எபிஜெனெடிக்ஸ் ஆன்லைன் கோர்ஸ்: காகுயா எலி பகுதிக்காகவே எடுக்கலாம்

பயாலஜி ஓரளவு தெரிஞ்சவங்க யோசிக்காம சேரலாம், அவ்ளோ நல்லா எடுத்திருக்காங்க. டிஎன்ஏ எழுத்து மாறாமலே எந்த ஜீன் வேலை செய்யணும் எது அடங்கி இருக்கணும்னு மெத்தில் குறிகள் (டிஎன்ஏ மேல ஒட்டற சின்ன வேதிக் குறிகள்) முடிவு பண்றத, அதான் எபிஜெனெடிக்ஸ்னு முதல் லெக்சர்லயே சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வந்துடறாங்க, இழுவை இல்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது எந்த குறி எப்போ விழுதுங்கற பகுதிதான். கரு வளரும்போதே, பின்னாடி விந்தணுவாவோ முட்டையாவோ ஆகப்போற செல்கள்ல பழைய குறிகள் கிட்டத்தட்ட மொத்தமா அழிஞ்சிடும், அப்புறம் புதுசா விழணும், ஆனா எலில பாத்தீங்கன்னா ஆணுக்கு அது பிறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது, பெண்ணுக்கு பிறந்ததுக்கு அப்புறம் முட்டை பெருசாகும்போதுதான். ரெண்டையும் மேல கீழ வச்சு, குறி ஏற ஏற கலர் அடர்த்தியாகற மாதிரி ஒரு படம் போட்டிருக்காங்க பாருங்க, அங்கயே நிறுத்திட்டு திரும்பத் திரும்ப பாத்தேன்.

அந்தப் படம் புரிஞ்சாதான் அடுத்தது புரியும். 1984ல அசீம் சுரானி குழுவும், மெக்ராத்தும் சோல்ட்டரும் தனியாவும் காட்டினது என்னன்னா, எலிக் கருவுல ரெண்டு பங்கு ஜீனும் அம்மாவோடதுனாலும் சரி, ரெண்டும் அப்பாவோடதுனாலும் சரி, முழுசா வளராது. ஏன்னா சில ஜீன்கள்ல ஒரு பக்க காப்பி மட்டும்தான் ஓடும்: ஐஜிஎஃப்2 ஜீன் அப்பா குடுத்த காப்பி மட்டும்தான் ஓடும், பக்கத்துலயே இருக்கற ஹெச்19 அம்மா குடுத்தது மட்டும். 2004ல ஜப்பான்ல டோமோஹிரோ கோனோ டீம், புதுசா பிறந்த எலிகிட்ட இருந்து குறி இன்னும் விழாத முட்டைய எடுத்து, அதுலயும் ஐஜிஎஃப்2 அப்பா காப்பி மாதிரியே ஓடணும்னு ஹெச்19 பகுதி நீக்கின எலியா பாத்து, இன்னொரு எலியோட வளந்த முட்டையோட சேத்தாங்க. அப்பாவே இல்லாம காகுயாங்கற எலி பிறந்துச்சு, வளந்து குட்டியும் போட்டுச்சு! இத அந்த படத்து மேலயே கோடு போட்டு விளக்கறாங்க, அருமை.

விந்தணுல டிஎன்ஏ சுத்தியிருக்கற ஹிஸ்டோன் புரதம் பெரும்பாலும் போயி புரோட்டமைன்ங்கற வேற புரதம் வந்து டிஎன்ஏவ இறுக்கறத மட்டும் அவசரமா முடிச்சிட்டாங்க, மனுஷ விந்தணுல கொஞ்சம் ஹிஸ்டோன் மிச்சம் இருக்கே, அது எங்க இருக்கு ஏன் இருக்குன்னு கொஞ்சமாவது பேசிருக்கலாம்.

கடைசி மாட்யூல்தான் எனக்கு கடுப்பு. அப்பா சாப்பிட்டதோட தாக்கம் பேரன் வரைக்கும் போகும்னு அடிச்சு சொல்றாங்க, எலில ஆதாரம் இருக்கு ஒத்துக்கறேன், மனுஷங்கள்ல அத இன்னும் உறுதியா நிரூபிக்கல, குழந்தைக்காக காத்திருக்கறவங்க இத பாத்தா தேவையில்லாம தன்னையே குத்தம் சொல்லிப்பாங்க. அத திருத்தினா அஞ்சு ஸ்டார், இப்போதைக்கு நாலு.