அம்மாவின் கிளினிக் கொப்பி: கொழும்பில் பதினாறு நாட்கள்

விமான நிலையத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இணையத்தில் எடுத்த விசா அனுமதி, வாசலிலேயே விற்கும் சிம் அட்டை, கட்டுநாயக்காவிலிருந்து அதிவேகப் பாதையில் கோட்டைக்கு வரும் 187ஆம் இலக்க பஸ் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஊருக்குப் போய் வந்தவர்கள் வழக்கமாக விரித்து எழுதும் இந்தப் பகுதியை இத்தோடு விடுகிறேன். நான் போனது அம்மாவைத் தேடி.

1988இல் அப்பா என்னையும் இரண்டு வயதுத் தம்பியையும் ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்த சில வாரங்களில் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போயிருந்தது. நித்திரை இல்லை. சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றார். பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று அழுதார். வீட்டில் முதலில் நூல் கட்டினார்கள், பிறகு அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி. இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் சண்டை முற்றினால் “உன்னுடைய அம்மா அங்கொடை” என்பதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. அம்மாவைக் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் விட்டு, “பிறகு கூப்பிடலாம்” என்றார் அப்பா. மாமா இறந்தார், வீடு கைமாறியது, கடிதங்கள் திரும்பி வந்தன. எங்கள் வீட்டில் அம்மாவைப் பற்றிய பேச்சு இறந்த காலத்துக்கு மாறியது. எந்த ஆண்டில் மாறியது என்று யாருக்கும் நினைவில்லை.

2024 ஆகஸ்டில் போய் இறங்கிய முதல் வாரம் முழுவதும் வீண். ஆள் தேடித் தருகிறேன் என்று நாற்பதாயிரம் ரூபா முன்பணம் வாங்கிய ஒருவர் இரண்டாம் நாளுக்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அது என் மடத்தனம். கந்தோர்களில் வேறு சிக்கல். அம்மாவின் பெயர் ‘ஞா’வில் தொடங்கும். அதை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஜி’யில் தொடங்கி எழுதுவார், இன்னொருவர் ‘என்’னில் தொடங்குவார். சிங்களத்தில் எழுதும்போது அது மூன்றாவது பெயராகிவிடும். ஒரு யன்னலில் சிங்களத்தில் மட்டுமே படிவம் இருந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது, அந்த யன்னலுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. “மனநோயாளியா?” என்று கேட்ட உத்தியோகத்தர் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். நான் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் உதவியது மாமா வீட்டுக்கு எதிர்வீட்டில் இன்னும் இருக்கும் ஒரு முதிய மனிதர். “செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய்ப் பார் பிள்ளை” என்றார். செவ்வாயில் அங்கேயுள்ள அந்தோனியார் கோயிலுக்குப் போகாத சமயத்தவர் கொழும்பில் இல்லை. 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த அதே கோயில். அன்று அம்மா அங்கே இருந்திருப்பாரோ என்று யோசித்தேன். அது ஞாயிறு, அம்மாவின் நாள் செவ்வாய்.

பெரியவரும் என்னுடன் வந்தார். மெழுகுதிரி விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற ஒல்லியான பெண்ணை அவர்தான் காட்டினார். என் கையில் தடித்த கோப்பு ஒன்று. பிறப்புச் சான்றிதழ்கள், பழைய படங்கள், சத்தியக் கடதாசி எல்லாம் அதற்குள். அம்மா முதலில் கோப்பைப் பார்த்தார், பிறகு என்னை.

“நீங்கள் எந்தக் கந்தோரில் இருந்து வருகிறீர்கள்?”

எங்கள் பக்கத்தில் அம்மாமார் பிள்ளைகளைச் செல்லமாக ‘நீங்கள்’ என்பதுண்டு. இது அந்த ‘நீங்கள்’ இல்லை.

நான் பெயரைச் சொன்னேன். “அந்தப் பெயரில் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, கனடாவில்” என்றார். சந்தோசமும் இல்லை, அழுகையும் இல்லை. பிறகு, வெயிலில் நிற்க வேண்டாம் என்று என்னை நிழலுக்குள் இழுத்துவிட்டார். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அந்தோனியார் என்பார்கள். அவரிடம் வாராவாரம் எதைக் கேட்கிறீர்கள் என்று வழியில் கேட்டேன், எனக்குள் ஒரு பதிலை வைத்துக்கொண்டு. “போன மாதம் ஒரு குடை தொலைந்துவிட்டது” என்றார் அம்மா.

அவர் இருப்பது ஒரு சிங்களப் பெண்ணின் இடியப்பக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில். அம்மா அவரை ‘நங்கி’ என்கிறார், சிங்களத்தில் தங்கை. அவர் அம்மாவை ‘அக்கா’ என்கிறார். விடியற்காலையில் தட்டுகளை அடுக்கிக் கொடுப்பது அம்மாவின் வேலை. மா பிழிவதை விட்டுவிட்டார், கை நடுங்குகிறது. அது மருந்தின் வேலை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் குளிசை வாயை உலர்த்தும், அதனால்தான் எந்நேரமும் அந்தத் தண்ணீர்ப் போத்தல்.

நங்கி அலுமாரியிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தார். அதில் இருந்த பெயர் எனக்குத் தெரிந்த பெயரே அல்ல. ‘ஞா’வும் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. ஆனால் அடையாள அட்டை இலக்கம் 53520 என்று தொடங்கியது. பழைய அட்டைகளில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். 1953 ஜனவரி 20. என் கோப்பிலிருந்த பிறப்புச் சான்றிதழிலும் அதே நாள். உறவினரைத் தேடுகிறவர்கள் பெயரை நம்பாதீர்கள், இந்த ஐந்து இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள்.

இப்படி ஐந்து கொப்பிகள் இருந்தன. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, ஒவ்வொன்றுக்கும் திகதி, கையொப்பம். நாங்கள் இறந்த காலத்தில் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அம்மா ஒரு தவணையும் தவறவிடவில்லை. 2022ஆம் ஆண்டுப் பக்கங்களில் சில இடங்களில் ‘வெளியில் வாங்கவும்’ என்று முத்திரை. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். நங்கி இடியப்பத் தட்டுகளைக் கழுவப் போய்விட்டார்.

என் பயணத்துக்குள் ஒரு கிளினிக் நாள் வந்தது. அதிகாலை ஐந்தரைக்கே நம்பர் துண்டுக்கு வரிசை. வைத்தியரைப் பார்க்க, ஊசி போட, குளிசை வாங்க எதற்கும் ஒரு சதம் கேட்கவில்லை. கனடாவிலிருந்து போய் இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்தியர் அம்மாவுக்கு ஒதுக்கியது ஆறு நிமிடம். ஆனால் அந்த ஆறு நிமிடத்தில் நித்திரை, சாப்பாடு, கைநடுக்கம், குடை எல்லாம் விசாரித்தார். “அங்கேயிருந்து நல்ல மருந்து அனுப்பலாமா?” என்று தம்பி கேட்கச் சொல்லியிருந்தான். ஊசியில் போடும் புளுபெனசின் பழைய மருந்துதான், அம்மாவுக்கு ஒத்துப்போகிறது, நீங்கள் வந்ததற்காக மாற்ற வேண்டாம் என்றார். நியாயம்.

குறை ஒன்று உண்டு. இலக்கங்களைச் சிங்களத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். முதியவர் ஒருவர் தன் முறை போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா எழுந்து போய் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தாதி ஆச்சரியப்படவே இல்லை. கதவு திறந்திருந்ததால் கேட்டது. வைத்தியர் சிங்களத்தில் எதையோ கேட்க, அம்மா தமிழில் சொன்னார்: “குரல் கேட்கிறதா என்று கேட்கிறார், ஐயா. கேட்டால் கேட்கிறது என்றே சொல்லுங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள்.”

அந்த வரிசைக்கு மொழிபெயர்ப்பாளர் என் அம்மாதானாம், பல வருடங்களாக. சம்பளம் கிடையாது, நாற்காலி கூடக் கிடையாது. ஒருவர் தன் நோயை இன்னொரு நோயாளியின் வாய்வழியே சொல்ல வேண்டியிருப்பது சரியல்ல. அந்த இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பதுதான் முறை. இதை வைத்தியரிடமும் சொன்னேன். தலையாட்டினார், அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

புறப்படுவதற்கு முன் தாதி கொப்பியின் உள்ளட்டையில் இரண்டு இலக்கங்களை எழுதினார். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி 1926, அம்புலன்சுக்கு 1990. அவற்றின் கீழே ‘நெருங்கிய உறவு’ என்ற இடத்தில் ஏற்கனவே நங்கியின் இலக்கம் இருந்தது. “மகள் வந்திருக்கிறாரே, அதை வெட்டிவிட்டு அவருடையதைப் போடவா?” என்று சிங்களத்தில் கேட்டதை அம்மா எனக்குத் தமிழில் சொன்னார், முதியவருக்குச் சொன்ன அதே குரலில். பிறகு என் பதிலுக்குக் காத்திராமல் தாதியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். தாதி பேனாவை மூடினார்.

என்ன சொன்னீர்கள் என்று ஓட்டோவில் கேட்டேன்.

“நங்கியின் நம்பர் இருக்கட்டும் என்றேன். இங்கே பகல் என்றால் உனக்கு அங்கே இரவு. நித்திரையில் எழுப்பக் கூடாது.”