பந்தலுக்கு எது, மேடைக்கு எது? போன், ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃப்ரேம்: ஓர் அலசல்

சில நாள் மட்டும் நின்றுவிட்டுப் பிரிக்கப்படும் பந்தல், மேடை, அலங்கார வளைவு, ராட்டினம், அவற்றைச் சுற்றிக் கூடும் ஜனம். இவற்றைப் பொழுதுபோக்காகப் படமெடுப்பவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பையில் இருக்கும் போன். இரண்டு, ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) உள்ள மிரர்லெஸ் கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. கூடவே 16-50 மி.மீ. கிட் லென்ஸும் (கேமராவோடு சேர்த்து விற்கப்படும் ஜூம்) 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும். மூன்று, அதைவிடப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூமும்.

விலை ஏற ஏறப் படமும் மேம்படும் என்றால் அலசவே எதுவும் இல்லை. ஆனால் அசையாமல் நிற்கும் கட்டுமானத்தை எடுப்பது ஒரு வேலை. அசைந்துகொண்டே இருக்கும் ஜனத்தை எடுப்பது வேறு வேலை. முதல் வேலையில் போன் பல இடங்களில் மற்ற இரண்டையும் முந்தும். இரண்டாவதில் திணறும். எதை வாங்குவது என்று கேட்பவர், தன் படங்களில் பாதிக்கு மேல் எந்த வகை என்று முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒளிக் கணக்கு

ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) ஒன்றாக இருந்தால், சென்சார் மொத்தமாக வாங்கும் ஒளியை அதன் பரப்பும் லென்ஸின் அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) தீர்மானிக்கும். விலை கூடிய போன்களில் வரும் 1/1.3 அங்குல சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 72 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 367. ஃபுல் ஃப்ரேம் 864. போனை விட ஏபிஎஸ்-சி ஐந்து மடங்கு பெரியது, சரி. ஆனால் போன் லென்ஸ் எஃப் 1.8 அளவில் திறந்திருக்கும்; கிட் லென்ஸோ அகல முனையிலேயே எஃப் 3.5 தான். அந்த வித்தியாசம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சென்சார் கொடுத்ததை லென்ஸ் பிடுங்கிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் சொற்ப லாபத்தையும், பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் நைட் மோட் தட்டிப் பறித்துவிடும். "கேமரா வாங்கியும் ராத்திரியில் போன் படம்தான் நன்றாக இருக்கிறது" என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். கேமரா மேல் குற்றமில்லை, கூட வந்த லென்ஸ் மேல்தான்.

அதே உடலில் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் ஐந்து மடங்கும் முழுசாகக் கைக்கு வரும். இன்னொரு கணக்கும் உண்டு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் ஏபிஎஸ்-சியை விட 2.35 மடங்கு பெரியது, எஃப் 2.8-ஐ விட எஃப் 1.8 ஏறக்குறைய 2.4 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதாவது சேர்ந்து ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவும் ஜூமும், அதில் பாதிகூட எடையில்லாத ஏபிஎஸ்-சி கேமராவும் ப்ரைமும் (ஜூம் இல்லாத அந்த 35 மி.மீ. லென்ஸ்) இருட்டில் சமம். பெரிய கருவிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, நின்ற இடத்திலிருந்தே 24 முதல் 70 வரை போய்வரும் வசதிக்குத்தான்.

அசையாதது: பந்தல், வளைவு, ராட்டினம்

இந்தப் படங்களில் முதலில் கண்ணை உறுத்துவது சாய்ந்து நிற்கும் தூண்கள். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கட்டுமானமே பின்னால் விழப்போவது போலத் தெரியும். சென்சார் தூணுக்கு இணையாக இல்லாததால் வருவது இது. மூன்று கருவிகளிலும் ஒரே மாதிரிதான் வரும்.

இதற்கு நல்ல தீர்வு உயரம். கட்டுமானத்தின் பாதி உயரத்துக்குக் கருவி போய்விட்டால் அண்ணாந்து பிடிக்க வேண்டியதே இல்லை. இங்கே போன் சுலபமாக ஜெயிக்கிறது. இரண்டு மீட்டர் கம்பில் 200 கிராம் போனைப் பொருத்திக் கையைத் தூக்கினால் மூன்றரை மீட்டர் உயரம் கிடைக்கும். ஏழு மீட்டர் வளைவு நிமிர்ந்து நிற்கும். ஷட்டருக்கு ப்ளூடூத் பொத்தான் அல்லது மூன்று வினாடி டைமர் போதும். ஃபுல் ஃப்ரேமை அப்படிக் கூட்டத்தின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பு இல்லையென்றால் பின்னால் நகருங்கள். திரையில் லெவல் கோட்டைப் போட்டுக்கொண்டு கருவியை நேராகப் பிடியுங்கள். கீழே மிஞ்சும் வெறும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். மென்பொருளில் நிமிர்த்துவதாக இருந்தால் பக்கவாட்டிலும் மேலேயும் ஆறில் ஒரு பங்கு இடம் விட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் நிமிர்த்தும்போது ஓரங்கள் போய்விடும். 24 மெகாபிக்சல் கேமராவுக்கு அந்த இழப்பு பெரிதல்ல. 12 மெகாபிக்சல் போன் படத்துக்கு அது வலிக்கும். ஆகவே பகலில் 48 அல்லது 50 மெகாபிக்சல் முறையில் எடுத்து வைப்பது மேல். கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தவிடும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இதற்காகவே பிறந்ததுதான். ஆனாலும் பொழுதுபோக்குக்கு அவ்வளவு காசு கொட்ட வேண்டாம்.

போனின் 0.5எக்ஸ் அல்ட்ரா வைட் லென்ஸை நம்ப வேண்டாம். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடும். பெரும்பாலான போன்களில் அதற்குச் சிறிய சென்சார்தான் என்பதால் அந்தி சாய்ந்ததும் விவரங்கள் குழம்பிவிடும். இடம் போதவில்லையென்றால் 1எக்ஸ் (முதன்மை) லென்ஸில், போனைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மூன்று நான்கு படங்கள் எடுத்து இணைக்கலாம்.

விளக்கு அலங்காரத்துக்கு நேரம்தான் எல்லாம். நடு இரவில் வானம் கருப்பு, விளக்கு வெள்ளை, நடுவில் துணியும் மூங்கிலும் காணாமல் போகும். சூரியன் மறைந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் வானத்தின் நீலமும் விளக்கின் வெளிச்சமும் சமநிலைக்கு வரும். பூமத்திய ரேகைக்கு அருகே இந்த இடைவெளி குறுகியது. தள்ளிப் போகப் போக நீளும். அதற்குள் எடுத்து முடிக்க, கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, எஃப் 8, ட்ரைபாட்; சரியான எக்ஸ்போஷரில் (படம் வாங்கும் ஒளி அளவில்) ஒரு படம், இரண்டு ஸ்டாப் குறைத்து ஒரு படம், கூட்டி ஒரு படம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி). போனில் 1எக்ஸ், நைட் மோட், சின்ன ட்ரைபாட். விளக்கின் மேல் விரலை அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு ஒரு ஸ்டாப் கீழே இறக்குங்கள். இறக்காவிட்டால் போன் இரவைப் பகலாக்கிக் கொடுக்கும். இந்த இடைவெளியில் எடுத்த இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்தால், பெரிதாக அச்சிட்டாலொழிய வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

போன் தோற்கும் இடம் ஓடும் சீரியல் விளக்குகள். ஒரு கணத்தில் மூன்றில் ஒரு பங்கு பல்புகள்தான் எரிகின்றன. 1/60 வினாடியில் எடுத்தால் கோலம் பாதியில் அறுந்து நிற்கும். ஒரு முழு ஓட்டம் அடங்க ஒன்று முதல் இரண்டு வினாடி ஒரே எக்ஸ்போஷர் வேண்டும். நைட் மோட் குட்டிக் குட்டிப் படங்களை அடுக்குவதால் சில பல்புகள் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் வரும். ராட்டினமும் இப்படித்தான். 16 கூடை உள்ள ராட்டினம் 20 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், ஒரு கூடை அடுத்த கூடையின் இடத்துக்கு வர 1.25 வினாடி ஆகும். அந்த அளவுக்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் ஒளிவளையம் இடைவெளி விடாமல் மூடும். போனில் இதற்கு ப்ரோ மோடோ (அளவுகளைக் கையால் அமைக்கும் முறை) தனிச் செயலியோ தேவை. கேமராவில் ஒரு டயலைத் திருப்பினால் முடிந்தது.

ட்ரைபாடை மேடைப் பலகையின் மேல் வைக்காதீர்கள். யாராவது நடந்தால் பலகை அதிரும். ஒரு வினாடிப் படம் ரெட்டையாக வரும். மண் தரையில், காலை ஊன்றி, ஜனம் போய்வரும் வழியை மறிக்காமல் வைக்க வேண்டும்.

பந்தல் எழும்பும் நாட்களைத் தொடராக எடுப்பவருக்கும் போன் தோது. 1எக்ஸ் லென்ஸின் கோணம் மாறவே மாறாது. விரலால் ஜூம் செய்யாமல் இருந்தால் போதும். ஜூம் லென்ஸில் நேற்று 22, இன்று 24 என்று நகர்ந்துவிட்டால் தொடர் குதிக்கும். நிற்கும் இடத்துக்குத் தரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, முதல் படத்தைத் திரையில் பார்த்து ஒரு தூணையும் பின்னால் இருக்கும் அசையாத கட்டடத்தின் விளிம்பையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். சாரத்துக்கு அடியில் மட்டும் நிற்க வேண்டாம். மேலிருந்து விழும் ஆணிக்கு எந்தக் கேமரா என்று தெரியாது.

எல்இடி பட்டைகள்

மேடைப் படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுவது கேமரா கோளாறு அல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி எழும். 60 ஹெர்ட்ஸில் 120 முறை. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. மேலிருந்து கீழ் வரை படிக்க 1/25 வினாடி ஆகும் என்றால், அதற்குள் விளக்கு நான்கு முறை மங்கும். வேகம் 1/500 என்று வைத்திருந்தால் படத்தில் நான்கு பட்டைகள். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் ஊரில் இதையே 1/120, 1/60 என்று படிக்கவும். ஜெனரேட்டரில் ஓடும் இடம் என்றால் இன்னொரு சிக்கல்: லோடு ஏறி இறங்கும்போது ஹெர்ட்ஸும் சற்று நகரும். 1/100-இல் மெல்லிய பட்டை எஞ்சினால் 1/50-க்குப் போங்கள்.

மேடையின் வண்ண எல்இடிகளும் எல்இடி திரையும் இதைவிடக் கடினம். அவை வினாடிக்குப் பல நூறு முதல் பல ஆயிரம் முறை அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. மங்கலாக வைக்கப்பட்ட விளக்கில் பட்டை அதிகம் தெரியும், அணைந்திருக்கும் நேரம் கூடுவதால். இங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு (சென்சாருக்கு முன்னால் நகரும் திரை) தனி மவுசு. அது சென்சாரை ஏறக்குறைய 1/250 வினாடியில் கடந்துவிடுவதால் பட்டைகள் குறையும், அகலமாகி மங்கும். போனில் மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. கேமரா வாங்குகிறவரும் கவனிக்க வேண்டும்: வ்லாக் எடுக்க என்று விற்கப்படும் சில மாடல்களில் அது இல்லை. அமைதியாக இருக்கிறது என்று சைலன்ட் ஷட்டரை (அதுவும் எலக்ட்ரானிக் ஷட்டர்தான்) போட்டுவைத்து மறந்துவிடுவதுதான் இந்த வகையில் அடிக்கடி நடக்கும் விபத்து. மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள். அது 100, 120 துடிப்பைப் பிடிக்கும், மேடை எல்இடியைப் பிடிக்காது.

எல்இடியின் அடர்ந்த நீலமும் சிவப்பும் இன்னொரு தொல்லை. பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச வரைபடம்) ஒழுங்காக இருக்கும். சிவப்பு மட்டும் தனியே உச்சத்தில் முட்டி, பாடுபவரின் கன்னம் மூக்கு எல்லாம் ஒரே தட்டையான சிவப்பாகிவிடும். மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைத்து, ராவில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக) எடுங்கள்.

அசைவது: ஜனம்

பேசுபவருக்கு 1/125, ஆடுபவருக்கு 1/250, குதிப்பவருக்கு 1/500. முந்தைய பகுதியில் சொன்ன 1/50-க்கும் இதற்கும் ஒத்துப்போகாது என்பது தெரிந்ததே. ஆட்டத்தை 1/250-இல் எடுத்து, லேசான பட்டையைப் பொறுத்துக்கொள்வதுதான் நடைமுறை. மங்கிய கையைத் திருத்த முடியாது. பட்டையை ஓரளவு திருத்தலாம்.

இந்த வேகத்தில் சாதாரண மேடை வெளிச்சத்துக்கு எஃப் 1.8-இல் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 ஆகும். ஏபிஎஸ்-சியில் அது பயன்படுத்தக்கூடிய படம். போன் தானாக 1/30 பக்கம் இறங்கி, அடுக்கும் படங்களில் கைகள் பேயாகத் தெரியும்; ப்ரோ மோடில் 1/250 என்று கட்டாயப்படுத்தினால் அடுக்குவதும் நின்று, நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) அள்ளும். தொலைவில் இருந்து மேடையை எடுக்க வேண்டுமென்றால் போனின் டெலி லென்ஸ் இரவில் உதவாது. பல போன்கள் இருட்டில் டெலியைக் கைவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தை வெட்டிக் கொடுத்துவிடும். திரையில் 3எக்ஸ் என்றே காட்டும்.

35 மி.மீ. ப்ரைமின் குறை, ஜூம் இல்லாதது. நெரிசலில் முன்னே பின்னே நகர முடியாதபோது ஃபுல் ஃப்ரேம் 24-70 தன் விலையை நியாயப்படுத்துகிறது. மாதம் ஒருமுறை இப்படி எடுப்பவருக்கு அது மிகை. வாராவாரம் மேடைக்கு முன் நிற்பவருக்கு இல்லை.

பகலில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவர்களின் முகம் நீலமாக வரும். வொயிட் பேலன்ஸை (நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) எவ்வளவு திருப்பினாலும் தோல் நிறம் முழுசாகத் திரும்பாது, ஏனென்றால் அந்த ஒளியில் சிவப்பே குறைவு. மூன்று கருவிக்கும் இது பொருந்தும். ஆட்களைப் பந்தலின் விளிம்புக்கு அழைத்து, வெளி வெளிச்சம் முகத்தில் படும்படி நிறுத்துங்கள். ஃப்ளாஷை வண்ணத் துணிக்கூரையில் மோதவிட்டாலும் அதே வண்ணம் முகத்தில் இறங்கும். நேராக அடிக்க வேண்டிவந்தால் ஃப்ளாஷை இரண்டு ஸ்டாப் குறைத்து, ஷட்டரை 1/30-இல் வையுங்கள். பின்னால் உள்ள விளக்குகள் அணையாமல் இருக்கும். போனின் ஃப்ளாஷ் இரண்டு மீட்டருக்கு அப்பால் வெறும் டார்ச்.

மழை, தூசு, கடிகாரம்

நீர் எதிர்ப்பு உள்ள போன்கள் மழையில் லேசாக நனைந்தாலும் பாதகமில்லை. கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும். தூசு பறக்கும் மைதானத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். எஃப் 8-இல் எடுக்கும் அந்தி வானத்தில் சென்சார் தூசு கரும்புள்ளியாக நிற்கும். அந்திக்கு முன்பே ப்ரைமை மாட்டிக்கொண்டு, அகலப் படங்களைப் போனிடம் விட்டுவிடலாம். போனும் ஏபிஎஸ்-சியும் ஒருவரிடமே இருந்தால் இந்தப் பங்கீடு நன்றாக வேலை செய்யும்.

அப்படி இரண்டிலும் எடுப்பவர், கிளம்பும்போது போனில் வினாடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து கேமராவால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். கேமரா கடிகாரம் மாதக்கணக்கில் நிமிடங்கள் நகர்ந்திருக்கும். அந்த ஒரு படத்தைப் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கேமராப் படங்களின் நேரத்தை மொத்தமாக நகர்த்தினால், இரண்டு கருவியின் படங்களும் நிகழ்ச்சி நடந்த வரிசையிலேயே அமரும்.